மார்கழியில் ஜன்னலை எத்தனை மணிக்குத் திறப்பது?

மார்கழி பிறந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கிவிடும். இந்த மாதத்தில் ஓசோன் படலம் பூமிக்குப் பக்கத்தில் இறங்கி வருகிறதாம். அதனால்தான் பெரியவர்கள் விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடவும், பஜனை பாடி வீதி வலம் வரவும் சொல்லி வைத்தார்களாம். அந்தக் காற்றை நன்றாக இழுத்துவிட்டால் ஆஸ்துமா அண்டாதாம். மயிலாப்பூரில் இருக்கும் என் அத்தை வருஷம் தவறாமல் இதை எனக்கு அனுப்புகிறார். அவருக்கே ஆஸ்துமா உண்டு. அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஓசோன் படலம் தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. எந்த மாதத்திலும் அது கீழே இறங்கி வருவதில்லை. தரையோரத்திலும் ஓசோன் உண்டு, ஆனால் அது உருவாகும் வழி வேறு. வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றின் ஆவியும் வெயில் பட்டு வினைபுரியும்போது அது பிறக்கிறது. வெயில் வேண்டும் என்பதால் பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும். விடிவதற்கு முன் மிகக் குறைவாக இருக்கும். அதோடு அது மருந்தும் இல்லை. மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும் வாயு அது. விடியற்காலையின் குளிர்ச்சியும் அமைதியும் உண்மைதான், கோலத்தின் அழகும் உண்மைதான். அவற்றுக்கு ஓசோனின் சிபாரிசு தேவையில்லை.

அந்த நேரத்துக் காற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், மார்கழியில் ஒரு நாள் ஐந்தரை மணிக்குக் கபாலீசுவரர் கோயில் வடக்கு மாட வீதிப் பக்கம் போய் நிற்க வேண்டும். அத்தை வீட்டு அடுக்ககத்தின் கேட்டருகே வாட்ச்மேன் ஐயா வேப்பஞ்சருகைக் கூட்டிக் கொளுத்தியிருப்பார். குளிருக்கு இதமாக இருக்கும், கொசுவும் விலகும். அந்தப் புகையைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். சித்திரை மாதத்து மதியத்தில் அதே சருகை எரித்தால் புகை நேராக மேலே ஏறி மறைந்துவிடும். மார்கழி விடியலில் அது முதல் மாடிவரை ஏறி, அங்கே எதிலோ இடித்துக்கொண்டதுபோல நின்று, பக்கவாட்டில் படரும். பிறகு மெல்ல இறங்கித் தெருவில் முழங்கால் உயரத்துக்குப் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். இரண்டடி தள்ளி அத்தை குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்.

புகை இடித்துக்கொண்டது ஒரு மூடியின்மேல்தான், கண்ணுக்குத் தெரியாத மூடி. பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது; தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே போகிறது; மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழே வருகிறது. இந்தக் கடைதலில் நம் புகையெல்லாம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் உயரம்வரை கலந்து நீர்த்துப்போகும். மேகமில்லாத குளிர்கால இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்து அங்கேயே தங்கிவிடுகிறது. மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்று. கீழே குளிர், மேலே சூடு என்று அடுக்கு தலைகீழாகிவிட்டால் கடைதல் நின்றுபோகும். பகலில் கிலோமீட்டர் உயரம் பரவிய அழுக்கு, விடியும் நேரத்தில் சில நூறு அடிக்குள் அடைபட்டுவிடும். டெல்லியில் இது வாரக்கணக்கில் நடப்பதால் செய்தியாகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் நமக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் டிசம்பர், ஜனவரியில் சென்னையின் கண்காணிப்பு நிலையங்கள் காட்டும் அளவு இரவிலும் விடியலிலும் ஏறி, பத்து, பதினொரு மணிக்குமேல் இறங்குவதைக் காணலாம். ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி நிலையங்களின் அளவுகளை யார் வேண்டுமானாலும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் மணிவாரியாகப் பார்க்க முடியும்.

அங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டிய எண் பிஎம் 2.5. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்று அது சொல்கிறது. ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் இரண்டரை மைக்ரான். மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை அவை போய்விடும். அவற்றில் மிகச் சிறியவை அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கின்றன. 24 மணி நேரச் சராசரி 60-ஐத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் வரம்பை 15 என்று இறுக்கியது.

இந்தக் காற்று நம் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் கதவின் அடியிலும் ஏசி குழாய் போகும் துளையிலும் நுழைந்துகொண்டே இருக்கும். ஆனால் நம் வீட்டுக்குள் இருக்கும் அழுக்கில் ஒரு பெரிய பங்கு வெளியிலிருந்து வருவதில்லை. அதை நாமே பற்றவைக்கிறோம். குளிர்கால வீட்டுக் காற்றைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: எதைக் கொளுத்துகிறோம், எப்போது திறக்கிறோம் என்பவை தனித்தனிக் கேள்விகள் இல்லை.

"பனி எறங்கறதுடீ, ஜன்னலைச் சாத்து" என்பார் அத்தை, ஆறு மணி ஆனதும். சாத்திவிட்டுக் கொசுவத்தி ஏற்றுவார். பனியையும் கொசுவையும் ஒரே மூச்சில் தடுத்துவிட்ட திருப்தி அவருக்கு. மழை ஓய்ந்து, தேங்கிய தண்ணீரில் கொசு பெருகும் காலம் அது. டெங்கு பயமும் நியாயமானது. ஆனால் அந்தப் பச்சைச் சுருளில் என்ன எரிகிறது? பூச்சிமருந்து ஒரு சதவீதம்கூட இருக்காது. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், பசை, சாயம். இவை நெருப்பாகக் கொழுந்துவிட்டு எரியாமல், எட்டு மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். அரைகுறையாகக் கனலும் எதுவுமே அதிகப் புகை விடும். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரே ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று கண்டது. ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு, சில சுருள்களில் 51 சிகரெட்டுக்கு ஈடாக வந்தது. சிகரெட் பிடிப்பவரைப் படுக்கையறைக்குள் விடமாட்டோம். அதே அறையில், குழந்தை படுத்திருக்கும் கட்டிலுக்கடியில், இரவு முழுதும் இது புகைந்துகொண்டிருக்கிறது.

திரவ மருந்தைச் செருகி வைக்கும் மின்கருவியில் புகை இல்லை. அந்த அளவில் அது மேல். ஆனால் பூச்சிமருந்து ஆவியை மூடிய அறையில் இரவெல்லாம் சுவாசிப்பதைவிட வலை நல்லது. கொசுவலையைக் கட்டிலில் கட்ட நேரமில்லை என்பவர்கள் ஜன்னலுக்கு வலை அடிக்கலாம். வலை அடித்த ஜன்னலைச் சாத்த வேண்டிய அவசியமும் பாதி குறைந்துவிடும். கொசு உள்ளே வராது என்ற நம்பிக்கை வந்தால்தான் நம் ஊரில் ஜன்னல் திறக்கும். ஆகவே காற்றைச் சுத்தம் செய்ய வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது எது என்று யாராவது கேட்டால், கருவியின் பெயரைச் சொல்லமாட்டேன், வலை என்றுதான் சொல்வேன்.

சாம்பிராணிக்கு வருகிறேன். இதை எழுதும்போது எனக்கே கை தயங்குகிறது. வெள்ளிக்கிழமை மாலை தூபக்காலில் தணல் கனன்று, அதில் ஒரு சிட்டிகை தூவியதும் எழும் அந்த மணம் எங்கள் வீட்டின் மணம். சுமத்திராத் தீவு போன்ற இடங்களில் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பிசின் அது. கப்பலேறி வந்து எத்தனையோ தலைமுறைகளாக நம் பூசையறையில் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைமுடியைக் கூடையின்மேல் விரித்துக் காயவைத்ததும், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிப் புகை காட்டியதும் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் காலத்து மயிலாப்பூர் வீட்டில் இது முற்றத்தில் நடந்தது. தலைக்குமேல் வானம். புகை எழும்பிப் போய்விடும். அதே சடங்கு இப்போது பத்துக்குப் பன்னிரண்டு அறையில், பனி வரும் என்று சாத்திய ஜன்னலுக்குள் நடக்கிறது. சடங்கு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த வீடு மாறிவிட்டது.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குப் பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி, அதாவது 34 கனமீட்டர். ஒரு கிராம் ஊதுபத்தி எரிந்தால் 45 மில்லிகிராமுக்கும் மேல் துகள் வெளிவரும், சிகரெட்டில் இது கிராமுக்கு 10 மில்லிகிராம்தான் என்று அளந்திருக்கிறார்கள். அந்த 45-ஐ இந்த அறையில் பரப்பினால் கனமீட்டருக்கு 1,300 மைக்ரோகிராம். கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறுவதால் நிஜத்தில் இதைவிடக் குறையும்; பத்திக்குப் பத்தி வேறுபடவும் செய்யும். ஆனால் 60 என்ற வரம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு பத்தி என்ன செய்யும் என்று புரிகிறது. தணலில் போடும் சாம்பிராணியில் கரியின் கார்பன் மோனாக்சைடும் சேர்கிறது. பச்சைக் குழந்தை நிமிஷத்துக்கு நாற்பது தடவை மூச்சு விடும். நாம் பன்னிரண்டு, பதினாறு. தன் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை அது இழுக்கிறது. குழந்தைக்கு அந்தப் புகை வேண்டவே வேண்டாம். தலையைத் துண்டால் நன்றாகத் துவட்டினால் போதும். சாமிக்கு ஏற்றுவதைப் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து ஏற்றலாம். ஆரத்தி முடிந்ததும் தூபக்காலை வெளியே வைத்துவிடலாம். எரிந்து தீரும்வரை அறைக்குள் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் கேட்பதாக நான் அறியவில்லை.

ஊதுபத்தி ஒன்றை நான் கொளுத்துவது உண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை, காற்றைச் சோதிக்க. அதன் நுனியிலிருந்து எழும் புகை நூல்போல நீல நிறமாக இருக்கும். துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருப்பதால் நீலத்தை அதிகம் சிதறடிக்கின்றன. அந்த நீலம் நுண்துகளின் கையெழுத்து. பத்தியை அறைக்கதவின் அடி இடுக்கில் பிடித்தால் நூல் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது. அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுக் கூடத்து ஜன்னலருகே பிடித்துப் பார்த்தால், எந்த ஜன்னலைத் திறந்தால் வீடு முழுக்க மூச்சு விடுகிறது என்று ஐந்தே நிமிஷத்தில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலை மட்டும் எவ்வளவு அகலத் திறந்தாலும் நூல் அசையவே இல்லை. எதிர்ப்பக்கத்தில் குளியலறை வென்டிலேட்டரைத் திறந்ததும் அது படுத்துக்கொண்டு ஓடியது. காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக ஒரு வழியும் வேண்டும்.

அடுக்களையைப் பற்றிப் பேசும்போது நம் ஊர் விஞ்ஞானி ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளுக்குள் போய் விறகடுப்புப் புகையை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள். சமைக்கும் நேரத்தில் கனமீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்தூசி இருந்தது. மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி, லாரிப் புகை என்று நினைத்திருந்த காலத்தில், அடுப்படியில் நிற்கும் பெண்ணின் மூச்சை எண்ணாக்கி உலகத்தின் முன் வைத்தவர்கள் அவர்கள். அது எனக்குப் பெருமை. அடையாற்றில் கேஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் அந்தப் புகையிலிருந்து தப்பிவிட்டார்கள், ஆனால் முழுக்கத் தப்பவில்லை. கேஸ் சுடரில் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது. வடைக்கும் முறுக்குக்கும் எண்ணெய் காயும்போது எண்ணெய்த் திவலை நுண்துகளாக எழுகிறது. மிளகாய் கிள்ளித் தாளித்ததும் கூடத்தில் இருப்பவர் இருமினால், அந்த நெடி போன வழியேதான் மற்றவையும் போயிருக்கின்றன. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே ஃபேனைப் போட்டு, அணைத்தபின் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடவிட வேண்டும். சிம்னி வாங்குகிறவர்கள் குழாய் சுவருக்கு வெளியே போகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். குழாய் இல்லாமல் கரி வடிகட்டியில் சுற்றிவிடும் வகை எண்ணெயைப் பிடிக்கும். வாயுவை அறைக்கே திருப்பித் தரும்.

பெரிய தூசியும் நுண்துகளும் நடந்துகொள்ளும் விதம் வேறு. மயிலாப்பூர், பனகல் பூங்கா, அடையாறு என்று மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் இருப்பவர்கள் ஜன்னல் கம்பியில் தினமும் மஞ்சள் மண்ணைத் துடைக்கிறார்கள். அது பெரும்பாலும் பெருந்தூசி. பத்து மைக்ரான் தூசி அசையாத காற்றில் கூரையிலிருந்து தரைக்கு வரப் பதினைந்து, இருபது நிமிஷம்தான். ஈரத்துணியால் துடைத்தால் அதன் கதை முடிந்தது. விளக்குமாற்றால் வறட்டுப் பெருக்கல் பெருக்கினால் எழும்பி மறுபடி மூக்குக்கு வரும். ஒரு மைக்ரான் துகளோ அதே தூரம் இறங்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். புகைத்துகள் அதைவிடச் சிறிது. அது கீழே இறங்காது, துடைப்பத்துக்கும் அகப்படாது. வெளியே தள்ள வேண்டும், இல்லையேல் வடிகட்ட வேண்டும்.

வெளியே தள்ளும் வேளை முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் நான்கு வரை. அதற்குள் மூடி உடைந்திருக்கும். தை பிறக்கும் நாட்களில் பகலில் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கடல் காற்று வீசிக்கொண்டிருக்கும். பிற்பகலில் ஓசோன் கொஞ்சம் ஏறும் என்று நான்தான் மேலே சொன்னேன். ஆனால் அது வீட்டுக்குள் வந்ததும் சுவரிலும் துணியிலும் பட்டுச் சீக்கிரம் குறைந்துவிடும். குளிர்காலத்தில் நம் நுரையீரலுக்குப் பெரிய சுமை நுண்துகள்தான். தி.நகரில் உஸ்மான் சாலை பார்த்த வீடானால் சாலைப் பக்கத்தை விட்டு, பின்பக்கத்து ஜன்னலையும் மொட்டைமாடிக் கதவையும் திறக்கலாம். மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு, ஒன்பது வரை சாத்திவைப்பது நல்லதுதான். பனியைப் பற்றி அத்தை சொன்னது வேறு காரணத்துக்காக என்றாலும் பாதி சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் சாத்திய அறைக்குள் எதையும் கொளுத்தக் கூடாது.

முழுக்கச் சாத்தினாலும் ஒரு தொல்லை உண்டு. நாம் விடும் மூச்சு. தூங்கும் இருவர் அந்த 34 கனமீட்டர் அறையில் மணிக்கு ஏறத்தாழ 700 பிபிஎம் கார்பன் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் போல. கசிவு இருப்பதால் அறை 5,000-க்குப் போகாது, ஆனால் விடிவதற்குள் 1,500, 2,000 எளிதாகத் தாண்டும். காலையில் எழும்போது தலை கனத்து, அறையில் ஒரு புழுங்கல் வாடை அடித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 1858-இலேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் பெட்டன்கோஃபர் 1,000 பிபிஎம் தாண்டினால் அறைக்காற்று கெட்டது என்று எல்லை வகுத்தார். நம் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கும் காற்றையே சுற்றிவிடும் என்பது பலருக்கும் தெரியாது. படுக்கையறைக் கதவைக் கூடத்துப் பக்கம் ஒரு சாண் திறந்து வைத்தாலே மூச்சுக்காற்று வீடு முழுக்கப் பரவி நீர்த்துவிடும். தெருவுக்கு ஜன்னல் திறக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஓதம். வட இந்தியக் குளிர்காலம் வறண்டது. அங்கே காற்றை ஈரமாக்கச் சொல்வார்கள். அந்த அறிவுரையை அப்படியே இங்கே எடுத்துவந்து ஈரப்பதக் கருவி வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சென்னைக்கு அது வேண்டாம். வடகிழக்குப் பருவமழையைக் குடித்துவிட்டு நிற்கும் சுவர் ஜனவரிவரை கசியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் புகுந்த வீடுகளில் பெயின்ட் உப்பி, கை வைத்தால் மாவாக உதிர்ந்து, பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் கோலம்போலப் படர்ந்ததை அடையாற்றுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புள்ளிகள் பூஞ்சை. அவற்றின் வித்து காற்றில் மிதந்து மூக்கை அடைக்கும், இளைப்பைக் கிளறும். மேலே புது பெயின்ட் அடிப்பது ஓராண்டுகூடத் தாங்காது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாடிக் குளியலறையா, வெளிச்சுவர் விரிசலா என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால் பின்னால் காற்று ஓடும். துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயவைப்பதை முடிந்தவரை தவிர்க்கலாம். ஒரு முழுப் பக்கெட் துணி லிட்டர் கணக்கில் தண்ணீரை அறைக்காற்றில் விடுகிறது.

ஈரத்தை நம்பி வாழும் இன்னொன்று தூசிச் சிலந்திப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தையிலும் தலையணையிலும் நம் தோல் உதிர்வைத் தின்று வாழ்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உடலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் சென்னை அதற்கு மிகப் பிடித்த ஊர். நமக்கு ஒவ்வாமை தருவது அதன் எச்சம். 60 டிகிரி வெந்நீரில் உறையைத் துவைத்தால் பூச்சி சாகும், எச்சமும் போகும். மெத்தையை மொட்டைமாடியில் உச்சிவெயிலில் போட்டு, பிரம்பால் அடித்துத் தட்டும் வழக்கம் இலவம்பஞ்சு மெத்தையோடு மறைந்துவிட்டது. அதை மீட்கலாம்.

ஸ்வெட்டர், சால்வையை பீரோவிலிருந்து எடுக்கும்போது வரும் அந்துருண்டை வாடைக்கும் ஒரு வார்த்தை. அது நாஃப்தலீன், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பிறந்த குழந்தைக்கு, அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தியதாலேயே ரத்தச் சிவப்பணு சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் உண்டு. துவைத்து வெயிலில் உலர்த்தாமல் குழந்தைக்குப் போடக் கூடாது.

செடியைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 1989-இல் நாசாவின் ஆய்வில் செடிகள் காற்றைச் சுத்தம் செய்தன. ஆனால் அது மூடிய சிறு பெட்டிக்குள். 2019-இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தார் அந்த வகை ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டுப் பார்த்து, ஜன்னல் இடுக்கில் தானாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, ஆயிரம்வரைகூட வேண்டியிருக்கும் என்றார்கள். மணிபிளான்ட் கண்ணுக்கு அழகு, அதற்காக வைத்துக்கொள்ளலாம். நிஜமாக வேலை செய்வது ஹெப்பா வடிகட்டி. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். நம் 34 கனமீட்டர் அறையின் காற்றை மணிக்கு ஐந்து தடவை வடிகட்ட, கருவியின் சுத்தக்காற்று அளவு மணிக்கு 170 கனமீட்டராவது இருக்க வேண்டும். பெட்டியின்மேல் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும். ஓசோன் விட்டுச் சுத்தம் செய்யும் என்று விற்கும் கருவியைக் கட்டாயம் வாங்கக் கூடாது. ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் படுக்கையறைக்கு மட்டும் ஒரு வடிகட்டி வாங்கினால் போதும், எட்டு மணி நேரம் நாம் இருப்பது அங்கேதான்.

போகி அன்றைக்கு இவை எல்லாம் ஒன்றாகத் தேவைப்படும். பழைய பாய் எரிந்த காலம் போய், டயரும் பிளாஸ்டிக்கும் எரியத் தொடங்கியபோது அந்தப் புகையின் குணமே மாறிவிட்டது. பிவிசி வகை பிளாஸ்டிக் எரிந்தால் குளோரின் சேர்ந்த அமில வாயு வருகிறது. சென்னை ஐஐடியின் சச்சின் குந்தே உள்ளிட்ட விஞ்ஞானிகள் டெல்லியில் அளந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, குளோரைடு சேர்ந்த துகள்கள் காற்றின் ஈரத்தை அதிகமாக உறிஞ்சி வீங்கி மூடுபனியைத் தடிக்கவைக்கின்றன என்று காட்டியது. ஈரமான நம் விடியற்காலையில் எது நடக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. போகிக்கு முந்தின நாள் மாலையே வீட்டைச் சாத்தி, கதவடியில் ஈரத்துணி சுருட்டி வைத்து, வடிகட்டியை ஓடவிட்டு, மறுநாள் உச்சிவேளைக்குமேல் எல்லாவற்றையும் திறந்துவிடுவது எங்கள் வீட்டு ஏற்பாடு. இளைப்பு உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே போகத்தான் வேண்டும் என்றால் என்95 முகக்கவசம். துணிக்கவசம் இந்தத் துகளைத் தடுக்காது.

அத்தையை விடியற்காலைக் கோலத்திலிருந்து விலக்க நான் முயலவில்லை. அவருக்கு எழுபத்தொன்று. போன வருஷம் ஜன்னலுக்கு வலை அடித்தோம், கொசுவத்தி போயிற்று. சாம்பிராணியைப் பால்கனிக்கு மாற்றச் சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே மாற்றிவிட்டார். மீதி இருந்தது கேட்டருகே எரியும் சருகுதான். வாட்ச்மேன் ஐயாவைக் கேட்டால், "குளிருதும்மா, கொசு பிடுங்குது, வேற என்ன செய்ய?" என்றார். அது சரியான கேள்வி. அடுக்ககத்தார் சேர்ந்து அவர் அறைக்கு வலைக்கதவு போட்டு, கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சருகு இப்போது பின்பக்கத்து உரத்தொட்டிக்குப் போகிறது. ஐந்தரை மணிக்கு அத்தை கோலமாவுக் கிண்ணத்தோடு இறங்கும்போது, வாட்ச்மேன் ஐயாவுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் காப்பி எடுத்துக்கொண்டு போகிறார்.